பில் போடாத மழைக்கோட்டு

பெங்களூருக்கு வந்த புதிதில் அம்மாவுக்குக் கன்னடத்தில் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். ஆய்த்து. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. எங்களுக்கு முன்பே இங்கே வேலை கிடைத்து வந்து, ரூம் எடுத்துத் தங்கி, ஊரைப் பழகிக்கொண்டவர் என்ற முறையில் கன்னட விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு அவர்தான் வாத்தியார். "யாரு என்ன கேட்டாலும் ஆய்த்துன்னு சொல்லிடு. சரின்னு அர்த்தம். அத வச்சே இந்த ஊர்ல காலத்த ஓட்டிடலாம்" என்று பெட்டி படுக்கையை இறக்கிவைத்த அன்றே சொல்லிவிட்டார்.

அம்மாவும் ஓட்டினாள். அடுகோடி சந்துக்குள் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா தண்ணீரைப் பற்றி ஏதோ சொன்னால் ஆய்த்து. பால்காரர் வாசலில் நின்று நீளமாக ஏதோ விளக்கினால் ஆய்த்து. மறுநாள் பால் வராதபோதுதான் அவர் என்ன விளக்கினார் என்பது எங்களுக்குப் புரியும். ஆனாலும் யாரும் அம்மாவைக் குறை சொல்லவில்லை. எதற்கும் எதிர்த்துப் பேசாத பெண் என்று தெருவில் அவளுக்கு நல்ல பெயர்தான். ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கடைக்குப் போவது மட்டும் அப்பாவின் இலாகா. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி, ஓசூர் ரோட்டோடு சந்தாபுரா வரைக்கும் கூட்டிப்போவார். அங்கே எங்கள் வந்தவாசிப் பக்கத்துக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். வழியில் எத்தனையோ கடைகள் கண்ணாடிக் கதவும் விளக்குமாகக் கடந்து போகும். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்தக் கடைத் துவரம்பருப்புதான் நன்றாக வேகிறது என்பது அவர் கட்சி. பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் இன்னும் ஒரு கிலோ வாங்கலாமே என்பது அம்மாவின் முணுமுணுப்பு. ஊரில் சைக்கிள் மிதித்து டவுனுக்குப் போய், எடை குறைந்தால் ரேஷன் கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தவள் அவள். இங்கே ஒரு சோப்புக் கட்டிக்கும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

நான் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளிக்கூடமும் மழையும் ஒன்றாகத் திறந்தன. என் பழைய மழைக்கோட்டு கக்கத்தில் கிழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த ஒரு காலை அது. அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுக்கப்போகிற நேரம்.

"பக்கத்துலயே அவ்ளோ பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்குது. ஒரு கோட்டு வாங்க சந்தாபுரா போவணுமா? நானே போய் வாங்கியாறேன்" என்றாள் அம்மா.

அப்பா படுக்கையை விரித்தார். "பாஷ தெரியாம போயி எங்கியாச்சும் மாட்டிக்கிட்டு நிக்காத. ஏதாச்சும் ஏடாகூடமா ஆச்சு, அப்புறம் எது வேணும்னாலும் ஞாயித்துக்கிழமதான். இப்பவே சொல்லிட்டேன்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அம்மா அதைப் பரீட்சைக்குக் கூப்பிட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

கடையில் அம்மா ராணி மாதிரி நடந்தாள். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்ற ஏற்பாடு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. சீரகம், சோப்பு, துணி காயப்போடும் கிளிப் என்று எடுத்துக்கொண்டே வந்து மழைக்கோட்டுகளிடம் நின்றோம். எனக்கென்று அவள் தேர்ந்தெடுத்தது இரண்டு வருஷத்துக்குப் பிறகு எனக்குச் சரியாக இருக்கக்கூடிய கோட்டு. கணுக்கால் வரை வந்தது. புத்தகப் பைக்கு இடம் விட்டு முதுகில் திமில் வேறு தைத்திருந்தார்கள். மாட்டிப் பார்த்தவள் கழற்றவில்லை. கூடையில் இடம் இல்லை, தவிர எனக்கும் கழற்ற மனமில்லை. பில் போடும் இடத்தில் மேலே ஒரு டிவி இருந்தது. அதில் நானே தெரிந்தேன். திமிலை ஆட்டி ஆட்டி, எனக்கு நானே டாட்டா காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கூடையில் இருந்ததற்கெல்லாம் பணம் கட்டினாள்.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி பில்லை வாங்கி ஓட்டை போட்டார். பிறகு என் கோட்டைக் காட்டி, "இதக்கே பில் ஆய்த்தா?" என்று கேட்டார்.

தனக்குத் தெரிந்த ஒரே சொல் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததில் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆய்த்து, ஆய்த்து" என்றாள், ஒன்றுக்கு இரண்டாக. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் கோட்டு, அம்மாவுக்குக் குடை. வழி நெடுக அவளுக்கு ஒரே பெருமை. பர்ஸைத் திறந்து பார்த்து, "பாத்தியா, எவ்ளோ மிச்சம்! சந்தாபுராவுல பாதி விலதான் இங்க. உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். நானும் திமிலை ஆட்டி ஆமோதித்தேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக் கொடியில் போடும்போதுதான் திமிலின் அடியில் விலை அட்டை தொங்குவதைப் பார்த்தாள். பிறகு பில்லை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். எதற்காகக் கடைக்குப் போனாளோ அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பில்லில் இருந்தது.

எங்களுடையது ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு. அப்பா அந்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆகவே அந்தக் களேபரம் முழுவதும் சமையலறையில் கிசுகிசுப்பாகவே நடந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டதுகூடச் சத்தமில்லாமல்தான். கடையில் கேமரா இருக்கிறதே, அதில் பார்த்திருப்பார்களே என்றாள். டிவியில் நானும் தெரிந்தேன், டாட்டாகூட காட்டினேன் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாம திருடங்களாம்மா?" என்று நான் சற்று உரக்கவே கேட்டுவிட்டேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. அறையில் குறட்டை நின்று, பிறகு மறுபடி கிளம்பியது. போலீஸைவிட அந்தக் குறட்டை நின்றதற்குத்தான் அவள் அதிகம் நடுங்கினாள். அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். இந்த ஊரில் அவள் தனியாகப் போன முதல் கடையே கடைசிக் கடையாகிவிடும்.

அவர் எழுந்திருப்பதற்குள் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் நான் உளறிவிடுவேன், அதனால் நானும் கூட. வெளியே மழை இன்னும் விடவில்லை. நான் கோட்டை எடுக்கப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். தெரியாமல் போட்டது போகட்டும், தெரிந்தே போட்டால் அது திருட்டு என்பது அவள் நியாயம். அப்பாவின் துண்டால் கோட்டைத் துடைத்து, மடித்து, பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருந்த ஒரே குடை பைக்குப் போக மீதி அவளுக்கே போதவில்லை. ஆகவே மழைக்கோட்டு நனையாமல் போயிற்று, நான் நனைந்துகொண்டு போனேன்.

ஓர் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கி, என்னைக் காட்டி, "அம்மா, மகு நெனீத்தா இதெ!" என்றார். குழந்தை நனைகிறது என்கிறார் என்பது எனக்கே அவர் கையைப் பார்த்துப் புரிந்தது. அம்மா "ஆய்த்து, ஆய்த்து" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அது கன்னடத்தில் இருந்தது நல்லதுதான்.

கடையில் காவலாளி பையிலிருந்த கோட்டைப் பார்த்துவிட்டுக் கடைசி கவுன்டருக்குக் கை காட்டினார். அங்கே ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா கோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"பில் கொடி மேடம்" என்று அந்தப் பெண் கை நீட்டினாள்.

"பில் இல்ல" என்றாள் அம்மா.

பில் இல்லாமல் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டோம் என்று அந்தப் பெண் கன்னடத்தில் சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் காட்டினாள். அம்மா பணத்தை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் குழம்பிப்போய் வேறு கோட்டு வேண்டுமா என்று ரேக்கைக் காட்டினாள். அம்மா தலையாட்டி மறுத்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்தி, "பில்... ஆய்த்து... இல்ல" என்றாள். பிறகு என்னைக் காட்டினாள், கோட்டைக் காட்டினாள், வாசலைக் காட்டினாள். நான் சொட்டச் சொட்ட நின்றேன். கோட்டில் ஓட்டை, அதனால் குழந்தை நனைந்துவிட்டது என்று புகார் செய்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். கோட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேட ஆரம்பித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். போட்டுப் பார்த்துவிட்டுக் காசைத் திரும்பக் கேட்க வந்துவிடுகிறார்கள் என்று யாரோ இங்கிலீஷில் சொன்னது அம்மா காதில் விழுந்தது. அந்த அளவு இங்கிலீஷ் அவளுக்குப் புரியும்.

அவ்வளவுதான். எடை குறைந்த ரேஷன் கடையில் கேட்ட அந்தப் பழைய குரல் அங்கே வெளியே வந்தது.

"ஐயோ, நான் காசு கேக்கலம்மா, காசு குடுக்க வந்திருக்கேன்! காலைல இந்தப் பாழாப்போன கோட்ட இவ போட்டுக்கிட்டே வெளிய வந்துட்டா. யாரும் பில்லே போடல. நாங்க திருடங்க இல்ல!"

அந்தப் பெண் கோட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்க தமிழா? அத்த மொதல்லியே சொல்றதுக்கு என்னா? இவ்ளோ நேரமா பேஜாரு பண்ணிட்டீங்களே" என்றாள்.

"நீ மட்டும் ஏம்மா கன்னடத்துலயே பேசின?"

"கன்னடத்துலயும் இல்லன்னா இல்லதான். நீங்க கன்னடத்துல பேசினீங்கன்னு நானும் பேசினேன்."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் தமிழிலேயே சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்மணியும் விவரம் என்னவென்று தமிழில் விசாரித்தார். இத்தனை தமிழர்கள் நடுவில் நின்றுகொண்டா இவ்வளவு பாடுபட்டோம் என்று அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் நினைவு வந்து என் தலையையும் துடைத்தாள்.

அந்த அக்கா கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவளாம். அவள் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்களாம். நனைந்த அட்டை மெஷினில் ஏறவில்லை என்று ரேக்கிலிருந்து இன்னொரு கோட்டின் அட்டையைக் காட்டி பில் போட்டாள். வாசலில் நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஆய்த்துன்னா சரின்னும் அர்த்தம், முடிஞ்சிபோச்சுன்னும் அர்த்தங்க்கா. இன்னும் முடியலன்னா ஆகில்லான்னு சொல்லணும். யாரு உங்களுக்கு அரைகொறையா சொல்லிக்குடுத்தது?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் அம்மா.

"அவருக்குக் கன்னடம் நல்லா வருமா?"

அம்மா பில்லை மடித்துப் பர்ஸில் வைத்தாள். "வரும்னுதான் சொன்னாரு" என்றாள். பேகா என்றால் வேண்டுமா, பேடா என்றால் வேண்டாம், இதெ என்றால் இருக்கிறது என்றும் அந்த அக்கா சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஆகில்லா, பேடா, இதெ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். வெளியே மழை, உள்ளே ஏற்கெனவே பெய்த மழை.

அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து தண்ணீர் ஓடியதைப் பார்த்து, "என்ன, ஓட்டக் கோட்டையா வாங்கிட்டு வந்த?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். காவலாளி, கேமரா, ஆட்டோக்காரர், எதையும் விடவில்லை. அம்மா சுவரோரம் நின்று, இனி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் என்ற தீர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

அப்பா திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. காதைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அந்தத் தமிழ்ப் பொண்ணு எந்த கவுன்டர்னு சொன்ன?" என்று கேட்டார். கடைசி என்றாள் அம்மா. அந்த அக்காவோடு சண்டைக்குப் போகப்போகிறார் என்று நான் பயந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சந்தாபுராவுக்குப் போகவில்லை. பருப்பு வேகிற பேச்சையே அப்பா எடுக்கவில்லை. நேரே சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். மற்ற கவுன்டர்களில் வரிசையே இல்லை. கடைசி கவுன்டரில் மட்டும் நீளமான வரிசை. அப்பா அதில் போய் நின்றுகொண்டார். பக்கத்துக் கவுன்டர்காரர் கையசைத்துக் கூப்பிட்டும் நகரவில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் சாமான் நன்றாக இருக்கும்போல என்று நானும் பேசாமல் நின்றேன்.

எங்கள் முறை வருகிற நேரத்தில் அந்த அக்கா சாப்பிட எழுந்து போய்விட்டாள். அவள் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்து, சாமான்களைத் தள்ளிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "பேக் பேகா சார்?" என்றாள்.

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அவரைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள். "பேடா, இதெ" என்று சொல்லித் துணிப்பையை எடுத்துக் காட்டினாள். கடையில் பை வாங்கினால் தனியாகக் காசு என்று எனக்குத் தெரியும். ஒரு பைக்குக்கூட அம்மாவைக் கேட்டுத்தான் செய்கிறாரே என்று அன்றைக்கு அப்பாவைப் பற்றி எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.