கால் நூல் தடிமன்

என் தெரு என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது. அப்போது நீடாமங்கலத்தில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். கூலி உயர்வு கேட்டு எங்கள் தெருவின் வயல்வேலை ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மிராசுதார் உழவுக்கு டிராக்டரை இறக்கினார். அது வரப்போரம் பழுதாகி நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப் முதலாளி போகச் சொன்னார், போய்ச் சரிசெய்தேன். வண்டி கிளம்பியதும் மறித்து நின்றவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அதில் என் அப்பாவும் ஒருவர். பதினைந்து நாள் உள்ளே இருந்தார். அவர்கள் திரும்பி வந்த அன்றே தெருக்கூட்டம் போட்டார்கள். என்னோடு யாரும் பேசக்கூடாது, மீறினால் அபராதம் என்று கட்டுப் போட்டார்கள்.

நான் ஜங்ஷன் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதுதான் கஷ்டம். ஒர்க்‌ஷாப் லீவு. டீக்கடையில் "ஒரு டீ" என்று கேட்பதுதான் அன்றைக்கு நான் பேசும் மொத்தப் பேச்சு. அப்பாவுக்கு என்மேல் கோபமில்லை, கட்டுதான் அவர் வாயை அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் எப்போதோ ரயிலேறியிருப்பேன்.

அப்புறம் அரசாங்கம் மிராசுதாரிடம் உச்சவரம்புக்கு மேலிருந்த நிலத்தை எடுத்துப் பட்டா கொடுத்தது. எங்கள் தெருவில் சிலருக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் வந்தது, அப்பாவுக்கும் வந்தது. எல்லோரும் சேர்ந்து சங்கம் வைத்து, கடன் வாங்கி, ஒரு பழைய டிராக்டர் வாங்கினார்கள். டிராக்டரை மறித்து ஜெயிலுக்குப் போனவர்களா நீங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கத்தான் ஆளில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு நடக்கிற நேரத்தில், அந்த டிராக்டர் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. சங்கத் தலைவரும் அப்பாவும் இறங்கினார்கள். முதலாளி வெளியூர் போயிருந்தார், நான் மட்டும்தான் இருந்தேன். என்னோடுதான் பேசக்கூடாதே! தலைவர் மட்கார்டைத் தட்டி டிராக்டரிடமே சொன்னார்.

"கலப்பையத் தூக்கி வச்சா நிக்க மாட்டேங்குது, தானா எறங்கிடுது. நல்லபடியா சரி பண்ணிக் குடுத்தா, தெருவுல பேசி கட்ட எடுத்துடலாம்."

நானும் டிராக்டரைப் பார்த்தே, "சாயங்காலம் வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றேன். அப்பா புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலப்பையைத் தூக்கி நிறுத்துவது சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன். பின்னாலிருந்து எண்ணெய் அதைத் தள்ளும். பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம். வளையம் தேய்ந்து எண்ணெயை விட்டுவிட்டால் கலப்பை இறங்கிவிடும். பிரித்துப் பார்த்தேன், அதேதான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லா அளவு வளையமும் ஒரே கம்பியில் கோர்த்துத் தொங்கும். பிஸ்டனில் மாட்டிப் பார்ப்போம், இறுக்கமாக உட்கார்ந்தால் சரி என்போம். எனக்கு அன்று ரெண்டு பொருந்தின. ஒன்று பழைய வளையத்தின் தடிமன். இன்னொன்று கால் நூல், அதாவது முக்கால் மில்லிமீட்டர், கூடுதல். மூன்று வருட ஏக்கம் கைக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டுகூடக் கசியக்கூடாது என்று தடித்ததை எடுத்து, எண்ணெய் தடவி, தட்டி உள்ளே இறக்கினேன். கலப்பை மேலே போய் அசையாமல் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதலாளி வந்து சொன்னார். "நாலு சால் ஓட்டுறதுக்குள்ள கலப்பையத் தூக்குற லிப்டு படுத்துடுச்சாம். மிராசுதாருக்காக நீ வேணும்னே கெடுத்துட்டேன்னு பேசிக்கிறாங்க."

சைக்கிளில் ஸ்பானர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். யாரும் வழிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பிஸ்டனை உருவியபோது வளையம் ஒரு பக்கம் கடித்துத் துப்பியது போலப் பிய்ந்திருந்தது. ரப்பரை நெருக்கினால் சுருங்காது, வேறு பக்கம் பிதுங்கும். சூட்டில் உப்பிய வளையத்துக்குப் பள்ளத்தில் ஒதுங்க இடமில்லை. விளிம்பில் பிதுங்கி அறுபட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும், இறுக்கமாக இருக்கட்டும் என்ற ஆசையில் செய்தேன்.

இந்தத் தடவை டிராக்டரிடம் சொல்லவில்லை. பிய்ந்த வளையத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, "யாரும் கெடுக்கச் சொல்லல. தப்பு என்னோடதுதான். தடிச்சதப் போட்டுட்டேன்" என்றேன்.

பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வெர்னியர் அளவுகோலை எடுத்து சிலிண்டரின் உள்விட்டம், பள்ளத்தின் ஆழம், அகலம் எல்லாம் அளந்தேன். வளையம் பள்ளத்துக்கு மேலே கொஞ்சமே கொஞ்சம் எழும்பி நிற்க வேண்டும், சிலிண்டர் சுவர் அதை அமுக்குவதற்கு. பக்கவாட்டில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்க வேண்டும், அமுங்கியது ஒதுங்குவதற்கு. அளவைச் சீட்டில் எழுதி, பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய்ப் புது வளையம் வாங்கி வந்தேன். மாட்டி, கலப்பையைத் தூக்கி, என்ஜினை நிறுத்தினேன். ஆட்கள் சாப்பிட்டுக் கை கழுவும் வரை கலப்பை இறங்கவில்லை.

தலைவர் அங்கேயே எல்லோரையும் கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்து, "கட்ட எடுத்தாச்சுப்பா" என்றார். ஒருவர் பீடி நீட்டினார். மூன்று பேர் ஒரே நேரத்தில் நலம் விசாரித்தார்கள். யாருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நான் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கலப்பைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "அப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு தலைவரிடம் திரும்பி, "வெயில் எறங்குறதுக்குள்ள கீழண்ட வயல முடிச்சுடுவோம்" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தார். அவர் வாயை அடைக்க இப்போது எந்தக் கட்டும் இல்லை.