பச்சைத் துணி கட்டிய மூட்டை

போன வருடம் ஆடி மாதம். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குள் நேராக நடக்க முடியாமல் இருந்த சமயம். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போக வேண்டுமானால், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

அத்தாவுக்கு மெத்தைக் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கல்வராயன் மலையில் இலவங்காய் வெடிக்கும் பருவத்தில் கச்சிராயபாளையம் போய், மலையிலிருந்து இறங்கும் பஞ்சை வாங்கி வருவார். சித்திரையில் ஒரு மதியம் கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. கடையை நடத்த ஆள் இல்லை. இடத்தைக் காலி செய்தோம். அங்கே இருந்ததெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. பஞ்சு வந்த பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். தூசு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா வேறு எங்கேயும் போய்த் தங்க முடியாது. இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதத்துக்கும் சற்று அதிகமாக வீட்டோடு இருப்பார், அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டார். அம்மா உள் அறையிலேயே இருந்தார். கதவுக்கு வெளியே பஞ்சு.

நான் அப்போதுதான் டிகிரி முடித்திருந்தேன். சும்மா உட்கார்ந்தால் அழுகை வரும் என்பதால் சும்மா உட்காராமல் இருந்தேன். வீட்டில் அடைந்து கிடப்பதை அப்புறப்படுத்துவது எப்படி என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வேண்டாத பொருள் போனால் மனசு லேசாகும், மனசு லேசானால் உடம்பு தேறும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வீடியோக்களில் வெள்ளைச் சுவர், ஒரு பூந்தொட்டி, நிறைய வெளிச்சம். அம்மாவை அந்த வெளிச்சத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வெறி.

அலமாரியில் தொடங்கினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகள், மூடி இல்லாத டப்பாக்கள், ஓடாத கடிகாரம், மடித்து மடித்துச் சேர்த்த துணிக்கடைப் பைகள். எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போனது. உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"இன்னாடி, காலையிலேர்ந்து உருட்டிக்கினே கீற? என்னையும் சேத்து தூக்கிப் போட்டுடுவியா?"

"உன்னை எவன் எடுப்பான்?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பஞ்சை என்ன செய்வதென்று கேட்டபோது, "எல்லாத்தையும் குடுத்துடு. அவரே போயிட்டாரு, பஞ்சு இன்னாத்துக்கு?" என்றார்.

சின்னசேலத்தில் ஒரு மெத்தைக்காரர் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அத்தாவுக்குத் தெரிந்தவர்தான். லோடு வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். எங்கள் தெரு குறுகல். வண்டி நின்ற உடனே பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினேன். வீட்டில் வெளியாட்கள் இருக்கும்போது அம்மா குரல் கொடுக்க மாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கதவைத் தட்டுவார். எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

மூட்டைகள் ஒவ்வொன்றாகப் போகப் போக, மறந்தே போன தரை தெரிந்தது. எனக்கு ஒரே உற்சாகம். ஆட்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "பரண் மேல ஒண்ணு கீது. அதையும் இறக்கிடவாம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். "எல்லாமே போகணும்ணே" என்றேன்.

கதவு தட்டப்பட்டது.

"இரும்மா, தண்ணி கொண்டாறேன்."

மறுபடியும் தட்டல். இந்த முறை வேகமாக. மூட்டை இறங்கிய தூசு வீடு முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. செம்போடு உள்ளே போனபோது அம்மா மண்டியிட்டிருந்தார். நெஞ்சு மேலும் கீழும் போனது. தண்ணீரைத் தள்ளிவிட்டுக் கையை மேலே காட்டினார். மின்விசிறி வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அதை நிறுத்தினேன். இல்லை என்று தலையாட்டினார். இன்ஹேலரைத் தேடி எடுத்து வாயில் வைத்தேன். வெளியே மெத்தைக்காரர், "கெளம்பறோம் பாப்பா, பின்னாடி பஸ்ஸு நிக்குது" என்று குரல் கொடுத்தார். "சரிண்ணே" என்றேன், அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அம்மாவுக்குப் பேச்சு வந்தது.

"பரண் மேல... பச்சத் துணி கட்னது... அது உன்னுதுடி."

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் மெத்தை, தலையணை கொடுப்பார்கள். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அத்தா தைத்ததுதான். எனக்கென்று அந்த வருடப் பஞ்சில் நல்லதாகப் பொறுக்கி, கொட்டை நீக்கி, மூட்டையின் வாயில் தன் பழைய பச்சைத் துண்டைக் கிழித்துக் கட்டிப் பரணில் போட்டிருக்கிறார். கல்யாணப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன் என்பதால் என்னிடம் சொல்லவில்லை. "அமுக்கிட்டுக் கைய வுட்டா எழும்பி ஓடுது, அவள மாதிரியே" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறார். இழுப்பிலும் துக்கத்திலும் அம்மா அதை மறந்தே போயிருந்தார். அந்த ஆள் பரண் என்று சொன்னதும்தான் ஞாபகம் வந்திருக்கிறது. வாய் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போட மூச்சும் இல்லை, வழக்கமும் இல்லை.

மெத்தைக்காரர் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவுடன் உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறினேன். சின்னசேலம் போய்ச் சேர்ந்தபோது, கொட்டகைக்குள் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக ஒரே குவியல். காலிச் சாக்குகளுக்கு அடியில் பச்சைத் துணி கிடந்தது.

மெத்தைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முன்னியே சொல்லக் கூடாதா பாப்பா? கலந்துட்டனே. பஞ்சுக்கு இன்னா அடையாளம் கீது?"

அத்தா ஒரு பிடி எடுத்து இறுக்கி, பிறகு விரலை விரிப்பார். சட்டென்று எழும்பினால் நல்ல பஞ்சு. குவியலைச் சுற்றி வந்து நானும் அங்கங்கே கை விட்டு இறுக்கிப் பார்த்தேன். எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் எழும்பியது. அதைப் பார்த்த மெத்தைக்காரர் ஒரு சாக்கை விரித்து நாலு பக்கத்திலிருந்தும் அள்ளி நிரப்பினார். வாயை அந்தப் பச்சைத் துணியாலேயே கட்டினார்.

"எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துகீறேன். எங்கியாவது அவரு பஞ்சு வந்திருக்கும். எடுத்துக்கினு போ."

பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். முன்னால் எதுவும் தெரியவில்லை. "மூட்டைக்குப் பின்னாடி ஆளு இருந்தா டிக்கெட் வாங்குங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நான் முகத்தைச் சாக்கில் புதைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நின்று, "கொண்டாந்துட்டேம்மா" என்றேன். உள்ளே வா என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. பஞ்சு மறுபடி உள்ளே வந்தால் மறுபடி இழுப்பு.

"வெளியவே வெய்யி" என்றார். பிறகு, "அதானா?"

"கலந்துட்டாங்கம்மா."

"ஒரு புடியாவது இருக்கும்ல?"

"இருக்கும்மா."

பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டிலேயே வைத்து ஒரு தலையணை தைத்துக் கொடுத்தார். மீதியை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இத்தா முடிந்த அன்று அம்மா அறையை விட்டு வெளியே வந்தார். கூடம் காலியாக இருந்தது. நான் ஆசைப்பட்டபடியே ஜன்னல் வெளிச்சம் தரை முழுக்க விழுந்திருந்தது. அதன் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "வூடு ரொம்பப் பெருசா கீதே" என்றார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அங்கே உட்காராமல் அறைக்கே திரும்பிப் போய்விட்டார்.

இழுப்பு இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. படுத்தே தூங்குகிறார். டாக்டர் என்னைப் பாராட்டினார். தலையணை என் அறையில், இரண்டு உறை போட்டு இருக்கிறது. அம்மா அதன் பக்கத்தில் வர மாட்டார். சில காலைகளில் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "அமுக்கிப் பாரு, எழும்புதா?" என்று கேட்பார். அமுக்குவேன். எழும்பும். அம்மா தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போவார், இப்போது நேராகவே நடந்து போகலாம். அம்மாவின் மூச்சுக்காக அந்தப் பஞ்சையெல்லாம் அப்புறப்படுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது, நாளைக்கே மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் செய்வேன். ஆனால் காலியான இடத்தைப் பார்த்து மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால், கூடத்தின் நடுவில் உட்கார இடம் தெரியாமல் நின்ற அம்மாதான் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறார்.