பம்ப் அறைச் சுவரில் ஒரு வரைபடம்

குடிநீர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் மீட்டர் அக்கா என்பார்கள். பத்தொன்பது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்தவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆனால் மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அங்கே யாருக்கும் முழுசாகத் தெரியாது. வால்வுக்காரருக்கு வால்வுகள் தெரியும், ஃபிட்டருக்குத் தாம் தோண்டிய இடங்கள் தெரியும். அவ்வளவுதான்.

ஒருநாள் கடைத்தெருவில் குழாய் வெடித்தது. "இந்த வால்வுதான், அடிச்சுச் சொல்றேன்" என்றார் ஃபிட்டர். மூடினார்கள். கடைத்தெருவில் வெள்ளம் நிற்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சலூனில் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோனது. முகம் நிறைய நுரையோடு ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். சரியான வால்வைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரமானது.

மறுநாள் காலை அக்கா சாக்பீஸோடு வந்து பம்ப் அறைச் சுவரில் தெருக்களை வரைந்தார்.

"கண்ணால பார்த்த குழாய்க்கு முழுக்கோடு. காதால கேட்டதுக்குப் புள்ளிக்கோடு. வாங்க, ஆளுக்கொரு கோடு போடுங்க."

தம் கோட்டில் பாதியைப் புள்ளியாகப் போடச் சொன்னதும் வால்வுக்காரர் முறைத்தார். "இத்தனை வருஷமா திருகுறேன், எனக்கே புள்ளியா?"

"நீங்க திருகுற இடத்துக்கு முழுக்கோடுதான் அண்ணே. அதுக்கப்புறம் குழாய் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்தீங்களா?"

அவர் மோவாயைத் தடவினார். "பார்க்கல. எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாரு."

"அப்போ புள்ளி."

அக்காவும் தப்பவில்லை. பள்ளிக்கூடத் தெருவுக்கு வடக்கிலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று அவர் கோடு இழுத்தபோது, மூலையில் இருந்த பம்ப் ஆபரேட்டர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறக்காத மனிதர்.

"வடக்கு வால்வ மூடினா என் பிரஷர் முள்ளு அசையவே அசையாது. கிழக்க மூடினா துள்ளும். அப்போ தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

"இதை ஏன்யா இவ்வளவு நாள் சொல்லல?" என்றார் ஃபிட்டர்.

"யாரு கேட்டீங்க?"

தோண்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் சரி. அக்கா தம் கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டுச் சிரித்தார். உறுதியான கோடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மாலை ஷிப்டுக்காரர்களும் வந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்தார்கள்.

நான்கு மாதம் கழித்து மருத்துவமனைப் பக்கம் குழாய் உடைந்தது. எல்லோரும் சுவரை ஒரு பார்வை பார்த்தார்கள். பத்தே நிமிடத்தில் வால்வை மூடியாயிற்று. மருத்துவமனைக்குப் போகும் தண்ணீர் நிற்கவில்லை. அக்கா ஒரு டீ குடித்துவிட்டு, மிச்சமிருந்த வீடுகளுக்கு மீட்டர் பார்க்கக் கிளம்பினார்.