இணைச்சீர்ச் சேலை

நல்லூரில் வீட்டிலேயே ஒரு ஓவர்லாக் மெஷின் போட்டுத் தைத்துக்கொடுக்கிறேன். போன ஆவணி வரை அதன் டிராயரில் ஒரு துண்டு பட்டுத் துணி கிடந்தது. அரக்கு நிறம், ஜரிகைக் கரை, முழுக்க எண்ணெய்க் கறை. என் தம்பி அவன் கல்யாணத்துக்கு எனக்கு எடுத்துக்கொடுத்த சேலையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் பட்டுடுத்தி அவன் பக்கத்தில் நிற்பாள். கட்டிக்கொடுத்துவிட்டாலும் இந்த வீட்டில் இவளுக்கு இடமுண்டு என்று ஊரறியச் சொல்வது அது. அவனோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு பனியன் கம்பெனியில் தைத்து அவனை ஆளாக்கியதும் நான்தான். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெரியப்பா கூப்பிட்டார். “தப்பா நெனச்சுக்காத கண்ணு. புருசன் இல்லாத புள்ள சீருல நிக்கறது மொறையில்ல. உன்ற சித்தப்பன் புள்ள நிக்கட்டும்.”

தம்பி பக்கத்தில்தான் நின்றான். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னான்.

“சேலைய நீங்களே வெச்சுக்கங்கக்கா.”

வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினேன். அன்றிலிருந்து மெஷின் துடைக்க அதுதான். பட்டு எண்ணெயை உறிஞ்சாது, பனியன் வேஸ்ட் துணிதான் உறிஞ்சும். அது தெரிந்தும் வீம்புக்கு அதிலேயே துடைத்தேன். வீட்டுக்காரர் செத்ததில் என் தப்பு என்ன என்று யாரையும் கேட்கவில்லை. நாளாக ஆக, நமக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று நானே நம்பிவிட்டேன். தம்பியை நான் மன்னிக்காதது அதற்காகத்தான்.

போன ஆவணியில் அவன் வந்தான். மகனுக்குக் கல்யாணம். மகனுக்கு மூத்தவள் ஒருத்தி, புருஷனை விபத்தில் இழந்து இரண்டு வருஷமாக அப்பன் வீட்டில் இருக்கிறாள்.

“புள்ள சீருல நிக்கோணும்னு இருக்குதுங்கக்கா. சொந்தக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. நீங்க பட்டவங்க, வெலகிக்கச் சொல்லி நீங்க சொன்னா கேட்டுக்கும்” என்றான்.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நல்லா வேணும் உனக்கு என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை போக வேண்டியிருந்ததே என்று உறைத்தபோது என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது. பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் டிராயரில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு தம்பி இருக்கும் சேவூருக்கு பஸ் ஏறினேன். தம்பி வயலுக்குப் போயிருந்தான். பிள்ளைகள் இருவரும் வீட்டில் இருந்தார்கள். துண்டை மூத்தவள் மடியில் போட்டேன்.

“உன்னைய வெலகச் சொல்லச் சொல்லி உங்கப்பன் அனுப்பியிருக்கான். நான் வெலகுனேன். வெலகி, எனக்கெடுத்த சீர்ச்சேலைய வெட்டி இத்தனை வருசம் மெஷின் தொடச்சேன். நீ வெலகாத.”

அவள் அழுதாள். கல்யாணப் பையன் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். திருப்பித் தரவில்லை.

கல்யாணத்தன்று சீருக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். பையன் மணவறைக்குப் போகாமல் நின்றான்.

“எங்கக்கா நிக்காம நான் வரமாட்டேனுங்க” என்றான், சத்தம் போடாமல்.

முணுமுணுத்தார்கள். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவள்தான் பட்டுடுத்தி வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. என் தம்பியின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் எனக்கு எதிரே வந்து நின்றான். “இப்பத் திருப்திங்களாக்கா?”

“உன்ற பையன் சொன்னானே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நானும் அன்னிக்கு நின்னுட்டிருந்தேன்” என்றேன்.

அவன் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. என் சீர் போனது போனதுதான், இனி எந்த மணவறையிலும் எனக்கு இடமில்லை. அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியட்டும் என்றுதான் இருந்தது.

“பாயசம் இந்தப் பக்கம் வரவே இல்ல” என்றேன். “போய் நீயே எடுத்துட்டு வா.”

கொண்டுவந்து, குனிந்து ஊற்றினான். நிதானமாகச் சாப்பிட்டேன்.