காதர் டாக்டரின் கொட்டாவி

காதர் டாக்டர் இறந்துபோய்விட்டார். போன வாரமே... எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் பார்க்கில் சறுக்குமரத்திலிருந்து என் பையன் குப்புற விழுந்தான். மோவாயில் நல்ல அடி.

இங்கே சென்னையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. திருநெல்வேலி பேட்டையில் இருக்கிற டாக்டரின் கிளினிக்குக்கு போன் போட்டேன்.

அவர் மகள்தான் எடுத்தாள். பையன் விழுந்ததைச் சொல்லி, டாக்டரிடம் பேசணும் என்றேன். "வாப்பா மவுத்தாயிட்டாங்க அக்கா..."

மோவாயில் அடி என்றாலே எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சொன்னால்தான் அவரைப் பற்றியும் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில்... நான் இரண்டாம் வகுப்பு. தாமிரபரணி படித்துறையில் பாசியில் வழுக்கி, மோவாய் கல்லில் மோத விழுந்தேன். தையல் போட்டார்கள், ஆறிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டோம்.

உள்ளே தாடை மூட்டு உடைந்திருந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த ஒரு வருஷத்தில் அது பையப் பைய எலும்போடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இட்லியை நான் விண்டு விண்டு உள்ளே தள்ளுவேன். "வாயத் தொறந்து தின்னுட்டி, என்ன எலி மாதிரி கொறிச்சிக்கிட்டு இருக்க" என்று அம்மா திட்டுவாள். ஒருநாள் அவளே ஊட்டிவிட வந்தாள். விரல் உள்ளே போகவில்லை. அன்றைக்குத்தான் அவள் முகம் மாறியது.

அப்படித்தான் காதர் டாக்டரிடம் போனோம். வாய், தாடை, முகத்து எலும்பு ஆபரேஷனெல்லாம் செய்கிறவர். ஊரில் பாதிப்பேர் அவரைப் பல் பிடுங்குகிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாளே, அம்மா அழுது அழுது கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, மனுஷர் என்னைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார். ஆ...வென்று, சத்தத்தோடு. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசன் நின்னுக்கிட்டே ஒறங்கிருவாரு போல. அவரு கையில பிள்ளையக் குடுக்கச் சொல்லுதியளா?"

"டாக்டருன்னா ராப்பகலா வேலை இருக்கும்லா" என்றார் அப்பா.

ஆபரேஷன் அன்றைக்கு அம்மா செய்த காரியத்தை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். தியேட்டர் வாசலில் பிளாஸ்க்கோடு நின்று டாக்டரை மறித்துவிட்டாள்!

"டிகாஷன் கெட்டியாப் போட்டுருக்கேன் டாக்டர். ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு உள்ள போங்க."

பாவம், ஏன் எதற்கு என்று புரியாமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஷ்டம் அதற்கப்புறம்தான். தினமும் வாயைத் திறந்து திறந்து பழக வேண்டும். இல்லையென்றால் மூட்டு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

ஐஸ் குச்சி மாதிரி தட்டைக் குச்சிகள் கொடுத்தார்கள். அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும், ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எனக்கு உயிர் போகிற வலி. குச்சியைப் பார்த்தாலே பல்லைக் கடித்துக்கொள்வேன். அம்மா கெஞ்சினாள், அடித்தாள், கடைசியில் அவளும் என்னோடு உட்கார்ந்து அழுதாள்.

கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வெளி பெஞ்சில் நல்ல கூட்டம். திசையன்விளை அண்ணாச்சி ஒருவர், பைக்கிலிருந்து விழுந்தவர், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்க, எங்கள் பக்கத்தில் இருந்தார்.

டாக்டர் வெளியே வந்தார். என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆ...வ்...

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நெனைக்காதீய டாக்டர், வீட்டுல ஒங்கள ஒறங்கவே விட மாட்டாங்களா?"

கேட்டு முடிக்கவில்லை, அவளுக்கே கொட்டாவி வந்துவிட்டது. அப்புறம் நர்ஸ் அக்காவுக்கு. அப்புறம் பெஞ்சு முழுக்க...

திசையன்விளை அண்ணாச்சி கம்பிக்குள்ளேயே மூக்கு விடைக்கக் கத்தினார். "வாயக் கட்டிப் போட்டுட்டு இப்படிக் கொட்டாவி காட்டுதீயளே டாக்டர், நியாயமா இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில்... எனக்கும் வந்துவிட்டது. பெரிய கொட்டாவி. காது வரைக்கும் சுரீர் என்றது. ஆனால் வாய் திறந்துவிட்டது.

"பாத்தியளா! நேத்து வரைக்கும் இவ்வளவு தொறக்கல" என்று டாக்டர் கை தட்டினார்.

அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். "எனக்கு ஒறக்கமெல்லாம் வரலம்மா. வாயத் தொறன்னு சொன்னா பிள்ள பயந்து இறுக்கிக்கிடுதா. கொட்டாவிக்குப் பயம் தெரியாதுல்லா. முத நாளும் அதத்தான் பாத்தேன், எம்புட்டுத் தொறக்கான்னு."

அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்போ... காப்பி வேண்டாமா?"

"ஏம்மா, காப்பிய நான் எப்ப வேண்டாம்னேன்?"

அதற்கப்புறம் செக்கப்புக்குப் போன நாளெல்லாம் பிளாஸ்க்கும் கூடவே போகும். குச்சியும் ஒவ்வொன்றாகக் கூடியது. அந்தக் கோடையில் திசையன்விளை அண்ணாச்சி கொடுத்துவிட்ட நுங்கை முழுசு முழுசாக வாயில் போட்டேன். அம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள், திட்டவில்லை.

இன்றைக்கு போனில் டாக்டரின் மகள்தான் அழுகைக்கு நடுவில் கேட்டாள். "அக்கா, விழுந்ததுக்கு அப்புறம் பையன் கொட்டாவி விட்டானா, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் பெரிதாக ஒன்று விட்டேன்.

"தூக்கம் வருதாம்மா?" என்றான். அடுத்த நொடி அவனும் ஆ...வென்று. கோணல் இல்லை, இழுப்பு இல்லை. உள்நாக்கு வரைக்கும் தெரிந்தது.

ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்... "அவங்க வீட்டுல இப்ப ஆளு நெறைய இருக்கும்லா? பெரிய பிளாஸ்க்க எடுத்துட்டுப் போவட்டா?"

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொட்டாவி வந்தால் அடக்காதீர்கள். கையை வைத்து மறைக்காமல், நன்றாக வாயைத் திறந்து... அவருக்காக ஒன்று.

இனி நிஜமாகவே தூங்குங்கள் டாக்டர்.