பின்சீட் இல்லாத வண்டி

லாண்டரி அக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுப் போட்டே மணிக்கட்டு இரண்டும் உரமேறிப்போனவள். பேச்சு மட்டும் ரொம்பக் கம்மி. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று ஒரே வார்த்தை. பார்க்கிறவர்கள், என்ன பொறுமை என்ன பொறுமை என்பார்கள். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! உள்ளுக்குள்ளே கறுவிக்கொண்டே இருந்தாள் மனுஷி.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கென்று ஒரு மோட்டார் பைக் இருந்தது. சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதில் அவள் வளைவு திரும்பினால் டீக்கடையில் நிற்கிற ஆம்பளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள், "சர்வீஸுக்கு விட்டுட்டு வரேன்" என்று சொல்லி வீட்டுக்காரர் அதை ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் ஓட்டலின் பின்கேட்டில் தன் பெயரில் எடுத்த புதுப் பைக்கோடு வந்து நின்றார். "உன் வண்டியை வித்துட்டேன். பொம்பளைக்கு எதுக்குத் தனி வண்டி? ஏறு."

கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறிவிட்டாள். அவர் விற்றதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பாளோ என்னவோ, தான் வாயைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்ததை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு ஆயுசு முழுக்கப் பின்சீட். கண் முன்னால் எப்போதும் அவருடைய சட்டைக் காலர், பிடரி வியர்வை. பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகித் தனித்தனியாகப் போனார்கள். வீட்டுக்காரரும் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றார். வேலை போனாலும் அதிகாரம் போகவில்லை. தெருவே அவரைப் போர்மேன் என்றுதான் கூப்பிடும்.

போன வருஷம் அவருக்குக் கண் மங்கியது. இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் பைக்கை மாப்பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள் பஸ்ஸில் இடிபட்ட பிறகு ஒருநாள் சாவகாசமாகச் சொன்னார்: "நீதான் ஓட்டுவியே, ஒரு பழைய வண்டி பாரேன்."

பாருங்கள், அவள் ஓட்டுவாள் என்பது அன்றைக்குத்தான் ஐயாவுக்கு ஞாபகம் வந்தது!

"சரிங்க" என்றாள். லைசென்ஸைப் புதுப்பித்தாள். சேமிப்பை எடுத்துப் பழைய பைக் ஒன்று வாங்கினாள். "இன்ஜின் தங்கம். மேலதான் அலங்கோலம்" என்றார் மெக்கானிக். அலங்கோலம்தான். பெட்ரோல் டேங்க் பூராவும் பழைய சொந்தக்காரன் ஒட்டிய சிங்கம், தீ, மண்டையோட்டு ஸ்டிக்கர்கள். ஈரத்துணியைப் போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டி, ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தாள். டேங்குக்குக் கருஞ்சிவப்புப் பெயிண்ட், கைப்பிடிக்குப் புது ரப்பர், வட்டக் கண்ணாடி இரண்டு. சைலன்சரை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தாள். முதல் நாள் கிளட்ச்சைப் படக்கென்று விட்டு நடுத்தெருவில் வண்டி நின்றுபோக, பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கித் திட்டினான். மூன்றாம் நாள் வளைவில் சாய்ந்து திரும்பினாள். உச்சி குளிர்ந்துபோய்த் தனக்குத்தானே சிரித்தாள். இத்தனைக்குப் பிறகும் அவரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளத்தான் நினைத்திருந்தாள், சத்தியமாக.

அவர் வாய் சும்மா இருந்தால்தானே! அன்று மாலை போனில் பழைய கூட்டாளியிடம் அளந்துகொண்டிருந்தார். "ஆமாப்பா, புதுசா ஒரு பைக் எடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை அதுலதான் வரேன். ஓட்டறதுக்கா? வீட்டுலயே ஆள் இருக்கு, சம்பளம் கிடையாது!" என்று சொல்லி ஒரே சிரிப்பு. போனை வைத்துவிட்டு இவளிடம், "பின்சீட்டுல எனக்கு முதுகு சாய்ற மாதிரி மெத்தை வெச்சுடு, என்ன?" என்றார்.

"சரிங்க."

சனிக்கிழமை சீட் தைக்கிறவரிடம் வண்டியை நிறுத்தினாள்.

"பின்பக்கத்தை வெட்டி எடுத்துடுங்க. எனக்கு மட்டும் இடம் இருந்தா போதும். பின்னாடி கால் வைக்கிற கம்பியும் வேண்டாம்."

"வீட்டுக்காரரு எங்கம்மா உக்காருவாரு?"

"அவரு வீட்டுல உக்காருவாரு."

ஞாயிற்றுக்கிழமை போர்மேன் வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, தலையில் ஹெல்மெட் என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார். அவள் இன்ஜினை உறும விட்டாள். பழக்கப்பட்ட கெத்தோடு காலைத் தூக்கியவர், உட்கார ஒன்றும் இல்லாமல் தடுமாறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து கையால் தடவிப் பார்த்தார். மட்கார்டின் வெறும் தகரம்தான் தட்டுப்பட்டது.

"ஏய், சீட் எங்கடி?"

"வெட்டிட்டேன்."

"நான் எங்க உக்கார்றது?"

"நான் உங்க முதுகையே பாத்துக்கிட்டு காலத்தை ஓட்டினேன். இன்னைக்கு நீங்க என் முதுகைப் பாருங்க. நான் ஒண்ணும் உங்க சம்பளமில்லாத ஆள் இல்ல."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் திருப்பிக் கொடுக்க வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. மனுஷர் கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைத் தேடினார்.

"அன்னைக்கு உன் வண்டியை உன்னைக் கேக்காம வித்தேனே, அது தப்புதான்" என்றார்.

அடப்பாவி மனுஷா! இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷமும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். முந்தாநாள் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, சீட் முழுசாக இருந்ததே! அவளுக்கு இரக்கம் வரவில்லை. பழி வாங்கிய ருசியை நாக்கில் படும்முன் தட்டிப் பறித்துவிட்டாரே என்று ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணில் நீரும் வந்து தொலைத்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"இப்பதான் சொல்லிட்டேனே. இப்ப என்ன பண்றது?"

"இப்ப இடமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, கியரைப் போட்டுக் கிளம்பினாள்.