நான் எழுதிக் கொடுத்த முதலுதவி அட்டை

சென்ற ஆண்டு, பிப்ரவரி, இரண்டாம் திங்கட்கிழமை: திருவள்ளூரிலிருந்து காலை மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து கோயம்புத்தூர். பயணம் செய்தவர் என் மனைவி, வயது ஐம்பத்து நான்கு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் செவிலியர். நோக்கம், விபத்து முதலுதவியில் ஐந்து நாள் பயிற்சி.

அடுத்த திங்கட்கிழமை: முதலுதவி அறைச் சுவரிலிருந்து ஓர் அட்டையை அகற்றினாள்.

மே, மூன்றாம் வாரம்: ஒரு தொழிலாளியின் கண்ணில் காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம் தெறித்தது.

அக்டோபர், முதல் வியாழக்கிழமை: மாரடைப்பில் இறந்தாள்.

அந்த அட்டையை எழுதியவன் நான். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். முனைவர் பட்டமும் உண்டு. அமிலம் பட்டால் சோடா உப்புக் கரைசல், காரம் பட்டால் நீர்த்த வினிகர் என்று திருத்தமான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றை மற்றொன்று சமன்செய்யும் என்பது பள்ளிப் பாடம். அதில் ஐயம் கொள்ள எனக்குக் காரணம் இருக்கவில்லை.

பயிற்சிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, “நல்ல புத்தகமாக வாங்கித் தருகிறேன், இந்த வயதில் எதற்கு அலைச்சல்?” என்றேன்.

“புத்தகம் வந்து என் கையப் புட்சி காட்டுமாங்க?” என்று கேட்டுக்கொண்டே பெட்டியை மூடினாள்.

தனியாக அவள் சென்ற முதல் நெடும்பயணம் அது. திரும்பியவளிடம் ஒரு மாற்றம் இருந்தது. குரலில் என்று சொல்லலாம். தூத்துக்குடியிலிருந்து வந்த செவிலியர் ஒருவரோடு அறையைப் பகிர்ந்திருக்கிறாள். அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் கைபேசியில் தத்தம் தொழிற்சாலைக் காயங்களைப் பற்றி, மற்றவர்கள் சமையலைப் பற்றிப் பேசுவதுபோல், விரிவாகப் பேசிக்கொண்டார்கள்.

“உங்க அட்டையக் கழட்டிட்டேன்,” என்றாள் ஒரு மாலை, காபியை வைத்துவிட்டு.

“ஏன்?”

“தப்பு. வினிகரத் தேடுற நேரத்துல கண்ணு போயிடும். ஊத்துனா இன்னும் சூடாவும். தண்ணி தான். அரை மணி நேரம் நிறுத்தாம.”

நான் சமன்பாட்டை விளக்கத் தொடங்கினேன்.

“டெஸ்ட் டியூபுக்கு வலிக்காதுங்க,” என்றாள்.

அன்று நான் காபியைக் குடிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவர் தயங்கித் தயங்கி என்னருகே அமர்ந்தார். மே மாதம் காஸ்டிக் சோடா தெறித்தது அவர் கண்ணில்தான்.

“எங்க ஆளுங்கோ வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு கத்துறானுங்கோ சார், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ. சிஸ்டரம்மா உடல. என் தலையக் குழாயாண்ட அமுக்கிப் புட்சிக்கினு, ‘கண்ணத் தொறடா, பொறவு அழுவலாம்’னு ஒரே திட்டு. ஒருத்தன் கேட்டான், ‘இன்னா சிஸ்டர், செவுத்துல வினிகர்னு எழுதியிருந்துச்சே?’ன்னு. ‘அத எழுதினவரே இன்னும் பாஸாவல, நீ தண்ணியப் பாரு’ன்னாங்கோ.”

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டார். “தப்பா எட்த்துக்காதீங்க சார்.”

அவள் போனபின் நான் சிரித்தது அப்போதுதான். கழுவாமல் வந்திருந்தால் பார்வை மிஞ்சியிருக்காது என்று கண் மருத்துவர் சொன்னாராம். என் அட்டை சுவரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தொழிலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் பட்டங்கள் அனைத்தும் இருந்த இடத்திலேயே பெற்றவை. ஐந்து நாள் வெளியூர் போய்வந்த ஒருத்தி என்னைத் திருத்தினாள், ஒரு மனிதரின் கண்ணையும் காத்தாள். அவள் என் மனைவி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அடக்கம் தேவையில்லை.

இன்னும் செய்யாதவை:

கல்லூரி ஆய்வகத்தில் தொங்கும் என் அட்டையின் நகலைக் கழற்றுவது.

அதே தொழிற்பேட்டையில் இன்னொரு பட்டறைக்கும் ஒரு நகல் கொடுத்திருந்தேன். நேரில் போய்ச் சொல்வது.

அவள் இடத்துக்கு வந்த செவிலியரைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப அவர் மாமனார் தயங்குகிறார், அவரிடம் பேசுவது.

ஞாயிறன்று அவள் கைபேசி ஒலிக்கும்போது எடுத்து, தூத்துக்குடிக்காரரிடம் விஷயத்தைச் சொல்வது.